அஞ்சு ஸ்பீக்கரும் எங்க பாட்டியும்

செமஸ்டர் லீவுல வீட்டுக்கு 5.1 ஹோம் தியேட்டர் மாட்டுற ஐடியா இருக்கா? எங்க வீட்டுக் கூத்தைக் கேட்டுட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்க பாஸ்.

அப்பா காசுல வாங்கின செட். நான்தான் இன்ஜினீயராச்சே... மேனுவலைப் புரட்டாமலே மாட்டிட்டேன். அஞ்சு ஸ்பீக்கரும் ஷோகேஸ் மேல வரிசையா! அதுல சென்டர் ஸ்பீக்கர் பூ ஜாடிக்குப் பின்னால. சப் ஊஃபர் அதிர்ந்ததுல ஜன்னலே ஆடுச்சு. பாட்டி மட்டும், "சத்தம் கேக்குது, பேசுறது கேக்கலையேடா"ன்னு எழுந்து போயிட்டாங்க. சுருக்குன்னுச்சு.

அப்புறம்தான் மேனுவல். படத்துல வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கர்லதான் வரும். அது டி.வி.க்கு நேர் கீழே, காதைப் பார்த்து இருக்கணும். உட்கார்ற இடத்துலேர்ந்து பார்த்தா, முன்பக்க ஸ்பீக்கர்கள் இடமும் வலமும் 30 டிகிரியில; சரவுண்ட் ரெண்டும் 110 டிகிரி வாக்குல, பக்கவாட்டுல கொஞ்சம் பின்தள்ளி. வயர்ல பிளஸ், மைனஸ் மாறவே கூடாது. கடைசியா சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏத்தினேன்.

இப்ப நடு சோபாவும் ரிமோட்டும் பாட்டி வசம்! நீங்களும் டிரில்லிங் மெஷினை எடுக்கிறதுக்கு முன்னாடி, வீட்ல யார் எங்க உட்கார்ந்து பார்ப்பாங்கன்னு கேட்டுடுங்க. ஓ.கே.வா?