வண்டி நின்னாலும் இஎம்ஐ நிக்காது: நம்பகமான காம்பாக்ட் எஸ்யூவி எப்படி தேர்ந்தெடுப்பது?



"பத்து, பன்னெண்டு லட்சம் பட்ஜெட். குடும்பத்துக்கு ஒரு காம்பாக்ட் எஸ்யூவி வாங்கணும். நம்பகமான வண்டி எது? ஒரே ஒரு பேரு சொல்லுங்க." நம்ம சேனல்ல கார் லோன் பத்தி எப்ப வீடியோ போட்டாலும் இந்தக் கேள்வி வந்துடுது.

ஒரு பேரு சொல்றது ரொம்ப சுலபம். ஆனா அது தப்பான பதிலா இருக்கும். ஏன்னா நம்பகத்தன்மை ஒரு பிராண்டுக்குள்ள இருக்குற விஷயம் இல்ல. இன்ஜின், கியர்பாக்ஸ், உங்க ஊர் சர்வீஸ் சென்டர், நீங்க ஓட்டுற விதம், இந்த நாலும் ஒத்துப்போனாதான் அது நம்பகமான வண்டி. நாலுல ஒண்ணு இடிச்சாலும், எவ்வளவு பெரிய கம்பெனி வண்டியா இருந்தாலும் உங்களுக்கு அது தலைவலிதான். இதை நான் காசு கொடுத்து கத்துக்கிட்டேன்.

என் கதை, சுருக்கமா

2019ல என் முதல் எஸ்யூவி வாங்கினேன். பிராண்ட் பேரு வேண்டாம், ஏன்னா பாதி தப்பு என்னோடது. புதுசா வந்த மாடல், வந்த முதல் மாசமே புக்கிங். பெரிய டச் ஸ்கிரீன், சன்ரூஃப், டர்போ இன்ஜின், டிசிடி கியர்பாக்ஸ். 7 வருஷ லோன். ஷோரூம்ல எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுக்கச் சொன்னாங்க. "புது வண்டிக்கு எதுக்குங்க?"ன்னு 19,000 ரூபாய் மிச்சம் பண்ணிட்டேன்னு பெருமையா வெளிய வந்தேன்.

தினமும் ஓஎம்ஆர் டிராஃபிக்ல ஆபீஸ். மூணு வருஷ வாரன்டி முடிஞ்சு மூணாவது மாசம், தங்கச்சி வளைகாப்புக்காக அம்மாவோட திருச்சி கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை தாண்டுறதுக்குள்ள கியர்பாக்ஸ் சூடாயிடுச்சுன்னு எச்சரிக்கை வந்துச்சு, அதோட வண்டி நின்னுடுச்சு. சீர் தட்டோட அம்மா பஸ் ஏறிப் போனாங்க. நான் டோ வண்டிக்காக வெயில்ல நின்னேன்.

பார்ட்ஸ் வர லேட். வண்டி 52 நாள் ஒர்க் ஷாப்லயே கிடந்துச்சு. பில் 1,38,000 ரூபாய். அந்த 52 நாள்ல ரெண்டு இஎம்ஐ வழக்கம்போல அக்கவுண்ட்ல இருந்து போச்சு. ஆபீஸ் போக கேப் செலவு தனி. அவசர நிதின்னு ஒதுக்கி வச்சிருந்த பணம் மொத்தமும் அந்த கியர்பாக்ஸுக்குள்ள போயிடுச்சு. நாலு மாசம் கழிச்சு அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன். கையில காசு இல்லாம மனைவியோட வளையலை அடகு வச்சேன்.

அதனாலதான் சொல்றேன். நம்பகத்தன்மைங்கிறது கார் பிரியர்களோட விவாதம் மட்டும் இல்ல. அது உங்க வீட்டு பட்ஜெட் விஷயம்.

விலைக்குள்ள ஒளிஞ்சிருக்குற வரி

முதல்ல காசு கணக்கைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம், 4 மீட்டருக்குள்ள நீளம் இருந்து, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா ஜிஎஸ்டி 18%. இதுல ஒண்ணு தாண்டினாலும் 40%. மாருதி பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள்ளதான் இருக்கு. ஆனா அதோட பெட்ரோல் இன்ஜின் 1462 சிசி. அதனால அது 40% பக்கம் போயிடுது. வென்யூ, சோனெட், நெக்ஸான், 3எக்ஸ்ஓ, ஃப்ரான்க்ஸ் எல்லாம் 18% பக்கம்.

அடுத்தது ரோடு டாக்ஸ். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல உயர்த்தினதுக்கு அப்புறம் 5 லட்சத்துலேர்ந்து 10 லட்சம் வரைக்கும் 13%, 10 லட்சத்தைத் தாண்டினா 18%. கணக்குக்கு எடுக்குற விலை 9.9 லட்சம்னா வரி 1,28,700. அதே 10.1 லட்சம்னா 1,81,800. வண்டி விலையில வித்தியாசம் 20,000, வரியில வித்தியாசம் 53,100! சன்ரூஃப் வேணும்னு ஒரு வேரியன்ட் மேல போறதுக்கு முன்னாடி இந்தக் கோட்டைத் தாண்டுறீங்களான்னு பாருங்க. அந்தக் காசுல எக்ஸ்டெண்டட் வாரன்டியும் எடுத்து, ஒரு செட் டயருக்கும் எடுத்து வைக்கலாம்.

இன்ஜினும் கியர்பாக்ஸும்: சலிப்பா இருக்குறதுதான் நல்லது

என் கருத்து இதுதான். உங்க வருஷ ஓட்டம் 10,000 கிலோமீட்டருக்குள்ளன்னா, டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். அவ்வளவுதான். பாகங்கள் கம்மி, சூடு கம்மி, லோக்கல் மெக்கானிக்குக்கும் தெரிஞ்ச இன்ஜின். ஓவர்டேக் பண்ணும்போது கொஞ்சம் சோம்பலா இருக்கும், உண்மைதான். பில்லும் அப்படியே சோம்பலாத்தான் ஏறும்.

ஆட்டோமேட்டிக் வேணுமா? "ஆட்டோமேட்டிக்"னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் சேர்த்துடாதீங்க.

* ஏஎம்டி: மேனுவல் கியர்பாக்ஸ் மேலயே ஒரு ரோபோ கை வச்ச மாதிரி. விலை கம்மி, ரிப்பேரும் ஓரளவு கட்டுக்குள்ள. கியர் மாறும்போது ஒரு குலுக்கல் இருக்கும்.
* டார்க் கன்வெர்ட்டர்: பழைய டெக்னாலஜி, மைலேஜ் கொஞ்சம் குறையலாம். ஆனா ஊர்ந்து போற டிராஃபிக்குக்கு இதுதான் பொறுமைசாலி.
* சிவிடி: சிட்டிக்கு ரொம்ப ஸ்மூத். ஆயிலை காலாகாலத்துக்கு மாத்தணும்.
* டிசிடி: ஓட்ட ரொம்ப ஜாலி. ஆனா டிரை கிளட்ச் வகையில, மணிக்கணக்கா நின்னு நின்னு ஊர்ந்தா கிளட்ச் சூடாகும். ஹைவே ஆளுக்கு ஓகே, ஓஎம்ஆர் ஆளுக்கு யோசிக்கணும். நான் யோசிக்கல!

டீசல் பத்தி நிறைய பேருக்கு இன்னும் பழைய நினைப்பு இருக்கு. ஒரு கணக்கு போடலாம். டீசல் வண்டி 1.3 லட்சம் கூட விலைன்னு வச்சுக்குவோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், மைலேஜ் 13. டீசல் 92 ரூபாய், மைலேஜ் 18. கிலோமீட்டருக்கு பெட்ரோல்ல 7.77, டீசல்ல 5.11. மிச்சம் 2.66 ரூபாய். போட்ட 1.3 லட்சத்தை எடுக்க கிட்டத்தட்ட 49,000 கிலோமீட்டர் ஓடணும். வருஷம் 8,000 ஓட்டுறவருக்கு ஆறு வருஷம்!

இன்னொண்ணும் இருக்கு. பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப்னு புகைக்கரியைப் பிடிக்கிற ஒரு ஃபில்டர் இருக்கு. அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்க வண்டி கொஞ்ச நேரம் நிக்காம, ஓரளவு வேகத்துல ஓடணும். தினமும் 4 கிலோமீட்டர் ஸ்கூல் டிராப்புக்கு மட்டும் டீசல் வண்டி எடுத்தீங்கன்னா அது அடைச்சுக்கும். அது வண்டியோட குறை இல்ல, நம்ம தேர்வோட குறை.

நம்பகத்தன்மையை எப்படி செக் பண்றது?

டெஸ்ட் டிரைவ் இருபது நிமிஷம். அதுல ஏசியும் பாட்டும்தான் தெரியும். அஞ்சாவது வருஷம் தெரியாது. அதுக்கு இந்த அஞ்சையும் பண்ணுங்க.

1. முதல் வருஷ வண்டியை வாங்காதீங்க. புது இன்ஜின், புது கியர்பாக்ஸ்னா குறைஞ்சது ரெண்டு வருஷம் பொறுங்க. வெளித்தோற்றம் புதுசு, இன்ஜின் பழசுன்னா பயப்பட வேண்டாம். புது வென்யூல வர்ற 1.2 பெட்ரோல் மாதிரி, ஏற்கனவே பல மாடல்ல ஓடித் தேறினதா இருந்தா நல்லதுதான்.

2. சனிக்கிழமை காலையில சர்வீஸ் சென்டர் வாசலுக்குப் போங்க. ஷோரூமுக்கு இல்ல, சர்வீஸ் சென்டருக்கு. அதே மாடல், அதே கியர்பாக்ஸ், நாலு வருஷம் ஓட்டின ரெண்டு மூணு பேர்கிட்ட, "சார், வாரன்டி முடிஞ்சப்புறம் எவ்வளவு செலவு பண்ணீங்க?"ன்னு கேளுங்க. மனசு விட்டுப் பேசுவாங்க.

3. பார்ட்ஸ் எத்தனை நாள்ல வரும்னு கேளுங்க. பம்பர், ஹெட்லேம்ப், கிளட்ச், இந்த மூணுக்கும் விலையும் நாளும் கேளுங்க. உங்க ஊர்லேர்ந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம்னும் பாருங்க. தேனில இருக்குறவருக்கும் கோயம்புத்தூர்ல இருக்குறவருக்கும் ஒரே வண்டி நம்பகமா இருக்கணும்னு அவசியம் இல்ல.

4. செகண்ட் ஹேண்ட் விலையைப் பாருங்க. அஞ்சு வருஷ பழைய வண்டியில, அதே மாடல் மேனுவலும் ஆட்டோமேட்டிக்கும் என்ன விலைக்குப் போகுது? புதுசுல கூட விலைக்கு வித்தது பழசுல மலிவா கிடைக்குதுன்னா, மார்க்கெட் உங்ககிட்ட ஏதோ சொல்லுது.

5. ரீகால் வந்திருக்கான்னு தேடுங்க. ரீகால் வந்தாலே மோசமான வண்டின்னு அர்த்தம் இல்ல. குறையை ஒத்துக்கிட்டு இலவசமா சரி பண்ற கம்பெனி, மூடி மறைக்கிற கம்பெனியை விட மேல். ஒரே பாகத்துக்குத் திரும்பத் திரும்ப வருதான்னு மட்டும் கவனிங்க.

"அப்போ பாதுகாப்பு முக்கியம் இல்லையா?"

ரொம்ப முக்கியம். நிக்காம ஓடுற வண்டி, மோதினா காப்பாத்துற வண்டி, ரெண்டும் வேற வேற. 2018 டிசம்பர்ல குளோபல் என்கேப்ல 5 ஸ்டார் வாங்கின முதல் இந்திய கார் டாடா நெக்ஸான். அதுக்கப்புறம்தான் நம்ம ஆளுங்க ஷோரூம்ல ஸ்டார் கேக்கவே ஆரம்பிச்சாங்க. 2023 அக்டோபர்லேர்ந்து பாரத் என்கேப் வந்துடுச்சு. நீங்க பாக்குற மாடலுக்கு ரிசல்ட் வந்திருக்கான்னு பாருங்க. ஆறு ஏர்பேக், இஎஸ்சி, ரெண்டும் நீங்க வாங்குற வேரியன்ட்ல இருக்கணும். மைலேஜுக்காக இதை விட்டுக் கொடுக்காதீங்க. விட்டுக் கொடுக்கணும்னா சன்ரூஃபை விடுங்க, பெரிய அலாய் வீலை விடுங்க.

சரி, என்ன வாங்கலாம்?

* மேனுவல் போதும், சிட்டி ஓட்டம், பட்ஜெட் டைட்: வென்யூ அல்லது சோனெட் 1.2 பெட்ரோல், ஃப்ரான்க்ஸ் 1.2. டொயோட்டா டைசர், ஃப்ரான்க்ஸோட இரட்டைப் பிள்ளைதான். எந்த சர்வீஸ் சென்டர் பக்கமோ அதை எடுங்க.
* டிராஃபிக்கு ஆட்டோமேட்டிக் கண்டிப்பா வேணும்: பிரெஸ்ஸா 1.5. டர்போ இல்ல, டார்க் கன்வெர்ட்டர், எளிமையான ஜோடி. 40% வரியோட விலை கைக்குள்ள வந்தா மட்டும். இல்லன்னா 3எக்ஸ்ஓ பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைப் பாருங்க. ஸ்கோடா கைலாக்ல நல்ல கியர்பாக்ஸ் இருக்கு, ஆனா 2025ல வந்த வண்டி. என் ரெண்டு வருஷ ரூல் அதுக்கும் பொருந்தும்.
* வருஷம் 20,000 கிலோமீட்டருக்கு மேல ஹைவே: டீசல். நெக்ஸான், சோனெட், 3எக்ஸ்ஓ மூணையும் ஓட்டிப் பார்த்துட்டு, மேல சொன்ன அஞ்சு செக்கையும் பண்ணி முடிவெடுங்க.

லோன் போடும்போது

9 லட்சம் லோன், 9.5% வட்டி. 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 18,900, மொத்த வட்டி 2.34 லட்சம். 7 வருஷம்னா இஎம்ஐ 14,700தான், ஆனா மொத்த வட்டி 3.36 லட்சம். ஒரு லட்சம் கூட! அதை விட முக்கியம், 3 வருஷ வாரன்டி முடிஞ்சும் 4 வருஷம் கடன் ஓடும். ரிப்பேர் பில்லும் இஎம்ஐயும் ஒண்ணா வர்ற காலம் அதுதான். நான் மாட்டினதும் அங்கதான்.

அதனால என் ரூல்: லோன் 5 வருஷம். எக்ஸ்டெண்டட் வாரன்டி 5 வருஷம் வரைக்கும், அதுவும் கம்பெனியோடது. எதெல்லாம் கவர் ஆகாதுன்னு படிச்சிட்டு கையெழுத்து போடுங்க. 5 வருஷத்துல இஎம்ஐ கட்ட முடியலன்னா அது உங்க பட்ஜெட் வண்டி இல்ல, ஒரு படி கீழ இறங்குங்க. சென்னை, கடலூர் மாதிரி தண்ணி தேங்குற ஊர்னா இன்சூரன்ஸ்ல இன்ஜின் புரொடெக்ட் சேருங்க. தண்ணில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. கூடவே மாசம் 2,000 ரூபாய் "வண்டி உண்டியல்"ல தனியா போடுங்க. அவசர நிதி மனுஷங்களுக்கு. அது கியர்பாக்ஸுக்குப் போகக் கூடாது.

அந்த வளையலை மீட்க எனக்கு 14 மாசம் ஆச்சு. இப்போ வீட்டுல நிக்கிறது ஒரு சாதாரண பெட்ரோல் மேனுவல். சன்ரூஃப் இல்ல. சொந்தக்காரங்க "இதுல என்ன ஸ்பெஷல்?"னு கேக்குறாங்க. சாவி போட்டா ஸ்டார்ட் ஆகுது. அதான் ஸ்பெஷல்.

இந்த வாரம் புக்கிங் பண்ணப் போறவங்க யாராவது இருந்தா, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி அந்த சனிக்கிழமை வேலையை மட்டும் முடிச்சிடுங்க. ஒரு காலை நேரம்தான் செலவு.