எந்த செட் பெரிய செட்?

பங்குனி பிறந்துவிட்டால் புளியங்குடி வட்டாரத்தில் ஒரு வழக்கு தொடங்கிவிடும். கோயில் கொடை விழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரித்த கையோடு ஊர்க்கூட்டத்தில் எழுகிற முதல் கேள்வி, இந்த வருஷம் எந்த மேளத்தைப் பேசுவது என்பதுதான். போன வருஷம் வந்த செட்டே போதும் என்பார் ஒருவர். பக்கத்து ஊர்க் கொடையில் கேட்ட பம்பைக்காரரைப் பற்றி இன்னொருவர் அரை மணி நேரம் பேசுவார். வயதில் மூத்தவர் ஒருவர், காருகுறிச்சியாரின் நாதஸ்வரத்தைக் கேட்ட காதுக்கு இதெல்லாம் ஒரு மேளமா என்று ஒரே வரியில் எல்லாரையும் அடக்கப் பார்ப்பார். அச்சாரம் கொடுக்கிற வரைக்கும் வழக்கு தீராது. கொடுத்த பிறகும் தீராது.

அந்தப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரி விடுதிகளில் இதே வழக்கை வேறு பெயர்களை வைத்துப் பேசுகிறார்கள். பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா, லெட் செப்பெலினா, பிங்க் ஃப்ளாய்டா, குயீனா? ராக் இசையில் எல்லாக் காலத்துக்கும் பெரிய குழு எது? அறுபது ஆண்டுகளாக உலகம் முழுக்க நடக்கிற இந்தச் சண்டையில் புளியங்குடிப் பையன்களும் உரிமையோடு கலந்துகொள்வது நல்ல விஷயம். ஆனால் இரண்டு வழக்குக்கும் இடையில் உள்ள ஒரு வேற்றுமை இவ்விதழை உறுத்துகிறது. பேரனின் கையில் சாட்சியம் இருக்கிறது. தாத்தாவின் கையில் ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது.

ராக் ரசிகர்கள் எதை வைத்து வாதாடுகிறார்கள் என்று பாருங்கள். பீட்டில்ஸ் கட்சிக்காரர், 1963 மார்ச்சில் வந்த முதல் இசைத்தட்டையும் 1970 மேயில் வந்த கடைசித் தட்டையும் எடுத்துப் போடுவார். ஏழு ஆண்டுச் சொச்சத்தில் காதல் பாட்டில் தொடங்கி சிதார் வரை போய்வந்தவர்கள் வேறு யார் என்று கேட்பார். ஸ்டோன்ஸ் கட்சிக்காரர், 1962இல் தொடங்கிய குழு இன்னமும் மேடையில் நிற்கிறதே என்பார். 1963இல் டிரம்ஸுக்கு உட்கார்ந்த சார்லி வாட்ஸ் 2021இல் சாகும்வரை எழுந்திருக்கவில்லை என்பார். பிங்க் ஃப்ளாய்டுக்காரருக்கு ஒரே எண் போதும்: 1973இல் வந்த அவர்களுடைய தட்டு 1988க்குள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. குயீன் ரசிகர், 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஃப்ரெடி மெர்க்குரி நின்ற இருபது நிமிடங்களைக் காட்டுவார். சான்சிபாரில் பிறந்து மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் பள்ளிக்கூடம் படித்த அந்தப் பார்சிப் பையன் மொத்த மைதானத்தையும் தன் குரலுக்குப் பின்னால் பாட வைத்ததை இன்றும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கேட்டால் இவ்விதழ் பீட்டில்ஸ் பக்கம்தான் நிற்கும். 1966 ஆகஸ்டோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தையே ஒரு வாத்தியமாக மாற்றிக்கொண்ட துணிச்சல் வேறு எந்தக் குழுவுக்கும் அந்த அளவில் வாய்க்கவில்லை. ஆனால் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு லெட் செப்பெலினின் கதைதான் சட்டென்று புரியும். 1980 செப்டம்பரில் அவர்களுடைய டிரம்ஸ் கலைஞர் ஜான் போனம் இறந்தார். வேறு ஆளைப் போட்டு ஓட்ட மற்ற மூவருக்கும் மனமில்லை. டிசம்பரில் குழுவையே முடித்துக்கொண்டார்கள். அடிக்கிறவன் போனால் மேளம் போச்சு என்பது இங்கே கொடை கேட்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

இந்த வாதங்கள் அத்தனையும் நிற்பது பதிவின்மேல். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிற நெடுந்தட்டு 1948இல் சந்தைக்கு வந்தது. ராக் குழுக்கள் பிறந்தபோது அது அவர்களுக்காகக் காத்திருந்தது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த நம்முடைய பெரிய மேளத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த காலம் 78 தட்டின் காலம். ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம் வாசிக்கலாம். கோயில் வீதியில் விடிய விடிய ராகம் வாசித்தவர், தம் தோடியை அந்தச் சிமிழுக்குள் அடக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கே ஒரு தலைமுறை மயங்கிக் கிடந்தது என்றால் வீதியில் நின்று கேட்டவர்கள் எதைக் கேட்டிருப்பார்கள்? அவர் 1956இல் மறைந்தார். அவரோடு தவில் வாசித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1949இலேயே போய்விட்டார். தவிலுக்கென்று அந்தத் தட்டுகளில் கிடைத்த இடமோ அதைவிடக் குறைவு. நாதஸ்வரத்தில் யார் பெரியவர் என்ற பேச்சில் திருவீழிமிழலை சகோதரர்கள், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா என்று பெயர்கள் அடுக்கடுக்காக விழுகின்றன. தவில்காரர் பெயர் கேட்டால் பலர் யோசிக்கத் தொடங்குகிறார்கள். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்து நெடுங்காலத்துக்குப் பிறகு அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். தேடி எடுக்க ஒருவர் வந்ததால் அந்தத் தவில் புதிய காதுகளுக்குக் கேட்டது.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இந்த வழக்கில் ஒரே தீர்ப்புதான்: காருகுறிச்சி அருணாசலம். சேரன்மாதேவிக்குப் பக்கத்துக் காருகுறிச்சியில் 1921இல் பிறந்தவர். ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்து, அவர் பக்கத்திலேயே நின்று வாசித்துத் தேறியவர். கோவில்பட்டியைத் தம் ஊராக ஆக்கிக்கொண்டவர். அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது. 1964இல் அவர் மறைந்தபோது வயது நாற்பத்து மூன்றைத் தாண்டவில்லை. குருவா சீடனா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. குருவின் கற்பனைப் பெருக்குக்கு ஈடு கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள இவ்விதழுக்குத் தயக்கமில்லை. ஆனால் காருகுறிச்சியாரின் ஊதலில் இருந்த அந்தக் குழைவும் இதமும் அவருக்கே உரியவை. சீவாளியிலிருந்துதான் அந்தச் சத்தம் வருகிறதா என்று கேட்டவர்கள் திகைத்துப் போயிருக்கிறார்கள்.

அவரைக் கேட்டே இராத தலைமுறைக்கும் அவரைத் தெரிந்திருக்கிறதே, எப்படி? 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படம். எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு ஓடுகிற அந்த நாதஸ்வரத்தைத் தெரியாத டீக்கடை தமிழ்நாட்டில் இல்லை. ஒரு சினிமாப் பாட்டு ஒரு மேதையைக் காப்பாற்றி வைத்தது. சினிமா எட்டிப் பார்க்காத வாசிப்புகளுக்கு யார் பொறுப்பு?

இங்கேதான் நையாண்டி மேளத்துக்கு வர வேண்டும். சங்கரன்கோவில், புளியங்குடி, ராஜபாளையம் பக்கத்துக் கொடைகளை இத்தனை காலமும் தூக்கி நிறுத்தியிருப்பது அதுதான். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு தாளம்: ஏழு பேர். உட்கார மேடை கிடையாது. கரகாட்டக்காரியின் காலைப் பார்த்தபடி, வட்டம் சுற்றி நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். அவள் ஒரு அடி மாற்றினால் தவில் அந்தக் கணத்தில் மாற வேண்டும். நாட்டுப்புற மெட்டு, சினிமாப் பாட்டு, காவடிச்சிந்து எல்லாம் கேட்டவுடன் வர வேண்டும்.

நள்ளிரவுச் சாமக்கொடையில்தான் செட்டின் தரம் தெரியும். பூசாரி தீபாராதனைக்குத் தயாராகும்போது நாதஸ்வரம் மெல்ல ஒதுங்கிக்கொள்ளும். பூவரசங்கழியால் தொப்பியில் விழுகிற அடியும், விரலில் மாட்டிய கூடுகள் வலந்தலையில் பொரிகிற பொரியலும் மட்டும் நிற்கும். பம்பை கீழ்க்குரலில் கேள்வி கேட்கும், தவில் பதில் சொல்லும். காலம் ஏறும். நல்ல செட்டுக்காரர்கள் இதை அவசரப்பட்டு ஏற்ற மாட்டார்கள். சாமியாடியின் தோளையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே, ஒரு சுற்று ஏற்றி, அரைச் சுற்று இறக்கி, மறுபடி ஏற்றுவார்கள். அருள் வருகிற நொடியில் ஏழு பேரும் ஒரே அடியில் வந்து விழுந்தால் அதுதான் பெரிய செட். ராக் ரசிகர்கள் வெம்ப்ளி மைதானத்தைச் சொல்லும்போது எதைச் சொல்கிறார்களோ, அதையே இங்கே முப்பிடாதி அம்மன் கோயில் முற்றத்திலும் சுடலைமாடன் பீடத்தின் முன்னாலும் நின்றவர்கள் சொல்கிறார்கள். இந்த ஒப்பீட்டில் மிகை ஒன்றும் இல்லை.

இதில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது? 1989இல் ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. நாடே அந்த ஆட்டத்தைக் கொண்டாடியது. ஆனால் அந்தக் கொண்டாட்டம் எந்தச் செட்டையும் அதன் சொந்தப் பெயரோடு எங்கும் நிறுத்தவில்லை. பிறகு கேசட்டுகள் வந்தன. இப்போது செல்போன் வந்திருக்கிறது. ஒவ்வொரு கொடையிலும் ஐம்பது கை உயர்ந்து படம் பிடிக்கிறது. ஆனால் தவிலுக்குப் பக்கத்தில் நீட்டிய செல்போனில் பதிவாவது இரைச்சல்தான். தமுக்கு கேட்பதே இல்லை. ஆட்டக்காரியின் மேல்தான் கேமரா நிற்கிறது. பம்பைக்காரரின் கையை யாரும் எடுப்பதில்லை. அவர் பெயரையும் யாரும் எழுதுவதில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் குழுவின் ரசிகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். மட்டி வாட்டர்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் 1950ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. அவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திப் பண்ணையில் கூலி வேலை செய்தவர். 1941 கோடையில் ஆலன் லோமாக்ஸும், கறுப்பினக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் வொர்க்கும் ஒரு பதிவு இயந்திரத்தோடு அவர் குடியிருந்த இடத்துக்கே போனார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் பாடியதைப் பதிந்தார்கள். தம் குரலைத் தட்டில் கேட்ட பிறகுதான் தாமும் ஒரு பாடகர் என்ற நம்பிக்கை வந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். இரண்டு ஆண்டில் பண்ணையை விட்டு சிகாகோ போனார். ராபர்ட் ஜான்சன் என்ற இன்னொருவர் 1936இலும் 1937இலும் டெக்சாஸில் பதிந்து கொடுத்தது மொத்தம் 29 பாட்டுகள். மறு ஆண்டே இறந்துபோனார். அந்தப் பாட்டுகளைக் கேட்டு இங்கிலாந்துப் பையன்கள் பலர் கிதார் பழகினார்கள். பண்ணைக் கூலிகளின் பாட்டை அன்று ஒரு இயந்திரம் பிடித்து வைக்காமல் போயிருந்தால், எந்த ராக் குழு பெரியது என்ற சண்டைக்கே வேலை இருந்திருக்காது.

இங்கும் அந்த வேலையைத் தொடங்க இடங்கள் உண்டு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறையும் ஆய்வு மையமும் இருக்கின்றன. திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி நாதஸ்வரமும் தவிலும் சொல்லிக் கொடுக்கிறது. அங்கே பம்பையும் தமுக்கும் பாடமாக வேண்டும். ஒவ்வொரு செட்டையும், ஏழு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும்படி, ஏழு ஒலிவாங்கி வைத்து, ஒரு சாமக்கொடை முழுக்கப் பதிய வேண்டும். கலைஞர்களுக்கு அன்றைய கூலிக்கு மேல் பதிவுக்கும் பணம் கொடுக்க வேண்டும். 2020இலும் 2021இலும் கொரோனாவால் கொடைகள் நின்றுபோனபோது இந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை ஊர் பார்த்தது. அந்த நாட்களில் எத்தனையோ கைகள் வாத்தியத்தை விட்டு வேறு வேலைக்குப் போயின. திரும்பி வராதவர்களும் உண்டு.

பெரிய மனிதர்களும் நிறுவனங்களும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுதி அறையில் பிங்க் ஃப்ளாய்டைத் தனித்தனி வாத்தியமாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பையன்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஆடிக் கொடைக்கு விடுப்பில் வரும்போது இரண்டு நல்ல ஒலிவாங்கிகளை இரவல் வாங்கி வரட்டும். ஒன்றைத் தவிலிலிருந்து நாலு முழம் தள்ளி வைக்கட்டும், மற்றொன்றைப் பம்பைக்கும் தமுக்குக்கும் நடுவில். கொடைக் கமிட்டிகளிடம் இவ்விதழ் கேட்பது இன்னும் எளிய காரியம். நோட்டீஸில் ‘நையாண்டி மேளம்’ என்று போட்டு, ஊர்ப் பெயரையும் செட் தலைவர் பெயரையும் அச்சடிப்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். அடுத்த கொடை நோட்டீஸில் தாளக்காரர் வரைக்கும் ஏழு பேரின் பெயரையும், அவரவர் வாத்தியத்தையும் அச்சடியுங்கள். நோட்டீஸின் ஒரு பிரதியை இவ்விதழுக்கு அனுப்பிவையுங்கள். வருகிற ஒவ்வொன்றையும் சேர்த்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலாக வெளியிடுவோம்.