வீட்டு இசிஜி யார் கையில் இருக்க வேண்டும்?

இரு கை விரல்களையும் ஒரு சிறு உலோகப் பட்டையின் மேல் 30 விநாடி அசையாமல் வைத்திருந்தால் போதும். இதயத்தின் மின்துடிப்பு கைபேசித் திரையில் கோடாக ஓடத் தொடங்கிவிடுகிறது. அலைவ்கோர் நிறுவனத்தின் கருவிக்கு அமெரிக்க எஃப்டிஏ 2012இல் அனுமதி கொடுத்தது. 2018இல் ஆப்பிள் கைக்கடிகாரத்துக்குள்ளேயே இசிஜி வந்துவிட்டது. இன்று இந்தியாவிலும் இப்படிப்பட்ட கருவிகள் பல விலைகளில் கிடைக்கின்றன. பிபி பார்க்கும் கருவியைப் போல இதையும் வீட்டுக்கு ஒன்று வாங்கிவைத்துவிடலாம் என்று பல நடுத்தரக் குடும்பங்கள் நினைக்கத் தொடங்கியிருக்கின்றன. வாங்கக்கூடியவர்களிடம் இந்தக் கருவி போய்ச் சேருகிறது. தேவைப்படுகிறவர்களிடம் போய்ச் சேரவில்லை. என் கவலை இதுதான்.

முதலில், இதன் தேவை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதயத்தின் மேலறைகள் தாளம் தவறி நடுங்குவதை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். அப்போது ரத்தம் மேலறையில் தேங்கி, இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கிறது. இவ்வளவு பெரிய ஆபத்துக்கு இவ்வளவு நல்ல மருந்து அமைவது மருத்துவத்தில் அபூர்வம். சிக்கல் என்னவென்றால், பலருக்கு இது வந்து வந்து போகும். நள்ளிரவில் படபடக்கும், காலையில் மருத்துவமனைக்குப் போய்ப் படுத்தால், 10 விநாடி ஓடும் இசிஜியில் எல்லாம் சரியாக இருக்கும். துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அலைந்தாலும், அன்றைக்குப் பார்த்துப் படபடப்பு வராமல் போகலாம். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கருவி இருந்தால், படபடக்கும் அந்த நிமிடத்தையே பிடித்துவிடலாம். பிரிட்டனில் 10 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்குப் படபடப்போ மயக்கம் வரும் உணர்வோ காரணமாக வந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. கருவி கொடுக்கப்பட்டவர்களில் 55.6 விழுக்காட்டினருக்கு அந்த அறிகுறியின்போது இதயம் எப்படித் துடித்தது என்பது 90 நாட்களுக்குள் பதிவானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 9.5 விழுக்காடு. அறிகுறி இருப்பவருக்கு இந்தக் கருவியை மருத்துவர் பரிந்துரைத்தால், அது வீண்செலவே அல்ல.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர் விஷயம் வேறு. 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் கைக்கடிகாரத்துடன் கலந்துகொண்டார்கள். 'துடிப்பு ஒழுங்காக இல்லை' என்ற எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 விழுக்காடு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் அது சுமார் 3 விழுக்காடு; 40 வயதுக்கு உட்பட்டவர்களில் 0.16 விழுக்காடு. நோய் எந்த வயதில் இருக்கிறதோ அந்த வயதில் தேடினால்தான் கிடைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கைக்கடிகாரக் கடைகளில் நிற்பவர்களோ பெரும்பாலும் இளைஞர்கள்.

சரி, வயதானவர்களிடம் தேடினால் பக்கவாதம் குறைகிறதா? இங்கே ஆதாரம் நாம் விரும்புகிற அளவுக்கு வலுவாக இல்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். டென்மார்க்கில் 70 முதல் 90 வயது வரையிலான சுமார் 6,000 பேரில் ஒரு பகுதியினருக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் கருவி பொருத்தி, ஆண்டுக்கணக்கில் இதயத்தைக் கண்காணித்தார்கள். கோளாறு மற்றவர்களிடம் 12 விழுக்காட்டினருக்குத் தெரியவந்தது என்றால், கருவி பொருத்தியவர்களில் 32 விழுக்காட்டினரிடம் தெரியவந்தது. ஆனாலும் பக்கவாதம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. ஸ்வீடனில் 75, 76 வயதினரை அழைத்து, கையடக்கக் கருவியில் இரண்டு வாரம் தினமும் இசிஜி எடுக்கச் சொன்னார்கள். பக்கவாதம், கடும் ரத்தக்கசிவு, மரணம் உள்ளிட்ட விளைவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, அழைக்கப்பட்டவர்களில் 31.9 விழுக்காடு, அழைக்கப்படாதவர்களில் 33 விழுக்காடு. சிறிய பலன்தான், ஆனால் பலன். இரண்டும் 2021இல் வெளியானவை. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: இடைவிடாமல் தேடினால், சில நிமிடங்களே வந்துபோகும் சிறு தடுமாற்றங்களும் அகப்படுகின்றன, அவற்றின் ஆபத்தும் சிறிது. நாளைக்குச் சில விநாடி மட்டும் பார்க்கும்போதே கோளாறு அகப்படுகிறது என்றால், அது அந்த உடலில் அடிக்கடி இருக்கிறது என்று பொருள். ஆக, எளிய தேடலே ஆபத்தானதைப் பிடிக்க உதவுகிறது.

தெரிந்துகொள்வதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் இருக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை ரத்தக்கசிவையும் கொண்டுவரும். தேவையில்லாதவர் அதைச் சாப்பிட்டால் ஆபத்து மட்டுமே மிச்சம். கருவியும் தவறு செய்யும். விரல் காய்ந்திருந்தாலோ கை நடுங்கினாலோ கோடு கலங்கிப்போகும். எப்போதாவது முந்திக்கொண்டு விழும் சாதாரணத் துடிப்புகளையும் அது கோளாறாக எண்ணிவிடக்கூடும். ஆகவே, செயலி சொல்லும் ஒற்றை வரித் தீர்ப்பை வைத்து யாரும் மருந்தைத் தொடங்கக் கூடாது. மருத்துவர் அந்தக் கோட்டையே பார்த்து, துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறுமாறாக இருக்கிறதா, ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வரவேண்டிய சிறு 'பி' அலை இருக்கிறதா என்று கவனித்துச் சொல்ல வேண்டும். கருவி வைத்திருப்பவர்கள் பதிவை அழிக்காமல் சேமித்து, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் குறித்துவைப்பது நல்லது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலிக்கும்போது இந்தக் கருவி 'நார்மல்' என்று காட்டினால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. இதயத்தை ஒரு கோணத்தில் மட்டும் பார்க்கும் இந்தக் கருவியால் மாரடைப்பு இல்லை என்று சொல்ல இயலாது. 108ஐ அழைப்பதுதான் வழி.

நம் நாட்டுக்கு வருவோம். குஜராத்தின் ஆனந்த் மாவட்டக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்களே வீடு வீடாகப் போய், கைபேசிக் கருவியில் இசிஜி எடுத்த ஆய்வு நடந்திருக்கிறது. பெரிய படிப்பு தேவைப்படாத வேலை என்பதை அது காட்டியது. தமிழ்நாட்டில் அதற்கான கால்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார். பிபி பட்டையைக் கட்டுவதற்கு முன் அதே கையின் மணிக்கட்டில் நாடியைத் தொட்டு, துடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்க்கலாம். துடிப்பு ஏறுமாறாக இருந்தால் தானியங்கி பிபி கருவியின் அளவும் தவறக்கூடும் என்பதால், இது எப்படியும் செய்ய வேண்டிய காரியம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நாடி தடுமாறுகிறவர்களுக்கு மட்டும் 30 விநாடி இசிஜி எடுத்தால் போதும். ஊருக்கு ஆயிரம் கருவி வேண்டாம்; துணை சுகாதார நிலையத்துக்கு ஒன்று இருந்தால் சமாளிக்கலாம்.

வயதை வைத்து மட்டும் கோடு போட்டால் ஒரு கூட்டம் விடுபட்டுப்போகும். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய பெண்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே இந்தத் தாளக் கோளாறு வருகிறது. பணக்கார நாடுகளின் ஆய்வுகளில் இவர்கள் அநேகமாக இல்லை. மருந்தும் இவர்களுக்கு வேறு. வாதக் காய்ச்சலால் வந்த இதய நோயில் புதிய மாத்திரையான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்தே உயிர்களைக் கூடுதலாகக் காப்பாற்றியது என்று இந்தியாவும் இடம்பெற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்று 2022இல் சொன்னது. ஆகவே வால்வு நோய் இருப்பது தெரிந்தவர்களுக்கு, எந்த வயதாக இருந்தாலும், வருகைதோறும் நாடி பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே சுமை தாங்காமல் தவிக்கும் பணியாளர்கள் தலையில் இன்னொரு வேலையா என்ற கேள்வி நியாயமானது. ஊதியம் கூடாமல் வேலை மட்டும் கூடுவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் நாடி பார்க்க ஒரு நிமிடம் போதும். இசிஜி தேவைப்படுவோர் மிகச் சிலரே. கோட்டை யார் படிப்பது என்ற கேள்விக்கும் இங்கேயே முன்னுதாரணம் இருக்கிறது: சிறு மருத்துவமனையில் எடுத்த இசிஜியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி மாரடைப்புச் சிகிச்சையை முடிவுசெய்யும் முறை தமிழ்நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்டு, பலன் தந்ததாக 2017இல் கட்டுரை வெளியாயிற்று. உண்மையில் கடினமானது அதற்குப் பிறகு வருவது. வார்ஃபரினோ அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமோ எடுப்பவர் ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று அடிக்கடி ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் கூலியை விட்டு மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தால், நாலாவது முறை யாரும் போகமாட்டார்கள், மாத்திரையும் நின்றுபோகும். எனவே இசிஜி கருவிக்குப் பணம் ஒதுக்கும்போதே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐஎன்ஆர் பார்க்கும் வசதிக்கும், மாதந்தோறும் தடையில்லாமல் மாத்திரை கிடைப்பதற்கும் அதே ஆணையில் பணம் ஒதுக்க வேண்டும்.