தொழிலின் தெய்வீகமும் அரைப்பேரும்

'தொழிலே தெய்வம்' என்னும் வாசகம் இன்று எல்லோர்க்கும் பொதுவான உண்மைபோல் வழங்கி வருகின்றது. தொழிலகச் சுவரிலும் மே தின மேடையிலும் அது ஒரே குரலில் ஒலிக்கின்றது. ஆயின் அதனைச் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. உழைப்பவன் தன் தொழிலைத் தெய்வம் என்பானாயின், அது அவன் கண்ட அனுபவம். அவனது உழைப்பின் பயனைப் பெறுபவன் அதையே சொல்வானாயின், அது கட்டளையன்றி வேறில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் மயக்கத்தை வளர்ப்பதிற் சமயவாதிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் சமபங்கு உண்டு.

பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கன்னட நாட்டிலே பசவண்ணரைச் சூழ்ந்தெழுந்த வீரசைவ இயக்கம், உடலுழைப்பைக் 'காயகம்' எனப் பெயரிட்டு வழிபாட்டோடு ஒப்பவைத்தது. அவ்வியக்கத்திலே செருப்புத் தைப்போரும், ஓடக்காரரும், ஆடை வெளுப்போரும் தத்தம் தொழிலைப் பற்றித் தாமே பேசினர். சிந்திய அரிசியைப் பொறுக்கி வாழ்ந்த மாரய்யன் ஒருநாள் வழக்கத்திலும் மிகுதியாகக் கொண்டுவர, அவன் மனைவி இலக்கம்மை அவனைக் கண்டித்து, மிகுதியை எடுத்தவிடத்திலேயே கொட்டிவர அனுப்பினாள் என்பது அவர்களிடை வழங்கும் கதை. காயகத்தோடு 'தாசோகம்' என்னும் பகிர்தலும் அங்கே பிரிக்கவியலாத கடமையாயிருந்தது. தொழில் தெய்வம் என்று போதிக்கும் இற்றைநாள் முதலாளி, மிகுதியைத் திருப்பிக் கொட்டும் பகுதியை மட்டும் வசதியாக மறந்துவிடுகின்றார்.

தமிழ் மரபில் இதனினும் கூரிய சான்று நந்தனார் வரலாறு. சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார், கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளித்து வந்தவர். அவர் கைப்பட்ட பொருள்கள் கோயிலின் உள்ளே ஒலித்தன. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனையாக்கியபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரைப் பண்ணை முதலாளியாகப் படைத்தார். தில்லைக்குச் செல்ல விடை கேட்ட நந்தனுக்கு, நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று விடை கிடைக்கின்றது. இறையருளால் ஓரிரவிலே அது முடிகின்றது. பக்தர்கள் இவ்விடத்திற் கண்ணீர் மல்குவர். ஆயின் அவ்விரவில் விளைந்த நெல் யாருடைய களஞ்சியத்திற் சேர்ந்தது என்று கேட்பவரைக் காண்பது அரிது. அடியவன் படும் துயரைக் கண்டு இரங்கிய இறைவன்கூட, பண்ணையின் கணக்கை நேர்செய்து கொடுத்த பின்னரே அவனை விடுவிக்க வேண்டியிருந்தது!

நவீன யுகம் இந்த வேதியரை அகற்றவில்லை. அவர் கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்தது. 1911ஆம் ஆண்டு அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர் வெளியிட்ட விஞ்ஞான முகாமைத்துவ நூல், வேலையைச் சிந்திப்போர் ஒருபுறமும் செய்வோர் மறுபுறமுமாகப் பிரிக்கும் கொள்கையை வகுத்தது. 1914இல் ஹென்றி போர்ட் நாளொன்றுக்கு ஐந்து டொலர் என அறிவித்தபோது, அதனைப் பெறுவோரின் வீட்டொழுக்கத்தை ஆராயவும் அலுவலரை அனுப்பினார். இதனைக் கண்டிக்கும் இடதுசாரி நண்பர்கள், 1918இல் லெனினும் டெய்லர் முறையைக் கற்றுப் பயன்படுத்த வேண்டுமென எழுதினார் என்பதை நினைவிற் கொள்வது நன்று. உடைமை மாறியது, கடிகாரம் மாறவில்லை.

மெய்யியல் ஆசிரியையான சிமோன் வெய்ல் 1934 டிசம்பரிற் பாரிஸ் நகரத் தொழிற்சாலையொன்றிற் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஒடுக்குமுறை எதிர்ப்பையே பிறப்பிக்கும் என எதிர்பார்த்துச் சென்றவர், அது பணிவையே பிறப்பிப்பதைத் தம்மிடத்திலேயே கண்டார். ஒழுங்கான சமுதாயத்தின் ஆன்மிக மையம் உடலுழைப்பாயிருத்தல் வேண்டும் என அவரே 1943இல் எழுதினார். ஆயினும் அவ்வார்த்தையைச் சொல்லும் தகுதியை இயந்திரத்தின் முன் நின்று பெற்ற பின்னரே அவர் அதனைச் சொன்னார்.

இனி நமது மலையகத்தை நோக்குவோம். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடப்பட்ட காலந்தொட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. தோட்டத்து வழக்கில் ஒருநாட் கூலிக்கு வழங்கும் சொல் 'பேர்'. குறித்த நிறைக் கொழுந்தை எடுத்தவளுக்கு முழுப்பேர், குறைந்தவளுக்கு அரைப்பேர். நாள் முழுதும் மலையில் நின்றவளின் பேரைப் பாதியாக வெட்டும் இச்சொல்லுக்கு எந்தத் தத்துவ நூலும் உரை வகுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவளது முன்னோரின் பேரை நாட்டின் பதிவிலிருந்தே நீக்கியது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

சம்பளம் உயர்ந்துதானே வருகின்றது என்பர் சிலர். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இவ்வுயர்வுகள் போராடிப் பெற்றவை. அவற்றை இகழ்வது நன்றியின்மை. எனினும் எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் என்பதை யார் தீர்மானிப்பது? புல் மண்டிய மலையிலும், உரங்காணாத முதுசெடியிலும் அதே அளவைக் கேட்பது எந்த நியாயம்? ஈரத்திற்கும் சாக்கிற்குமெனக் கழிக்கப்படும் நிறை எந்தக் கணக்கிற் சேர்கின்றது? தொழிற்சங்கங்கள் ரூபாவைப் பற்றி முழங்கும் அளவிற்குத் தராசைப் பற்றி முழங்குவதில்லை. ரூபா மேடைக்குரிய பொருள். தராசோ மலையுச்சியில், மழையில், தலைவர்கள் ஏறாத இடத்தில் இருக்கின்றது.

பல்கலைக்கழகமும் இவ்விடயத்திற் குற்றமற்றதன்று. உழைப்பின் அந்நியமாதல் பற்றிக் கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதிய கையெழுத்துப் பிரதிகளை விரிவுரை மண்டபத்தில் விளக்குவோர், அம்மண்டபத்தைக் கூட்டுபவளின் பெயரை அறியார். மண்ணிற் கைபடாத உத்தியோகமே கல்வியின் பயன் என்ற எண்ணம் பட்டதாரியின் உள்ளத்தில் ஊறிக்கிடக்கும்வரை, உழைப்பின் மாண்பு பற்றிய அவரது கட்டுரைக்குப் பரீட்சைப் புள்ளியன்றி வேறு பெறுமதி இராது.

கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் சார்பிற் பேச்சுவார்த்தை மேசையில் அமர்வோர் பெரும்பாலும் ஆண்கள். நிறையளவை நிர்ணயிக்கும் அவையில் மலையேறும் பெண்களே அமர்தல் வேண்டும் என்றால், அவர்களுக்கு அதற்கு நேரமில்லை என்ற மறுமொழி உடனே வருகின்றது. விடியுமுன் அடுப்பு மூட்டிப் பிள்ளையை மடுவத்தில் விட்டுப் பிரட்டுக்கு ஓடுபவளுக்கு நேரமில்லை என்பது மெய்யே. அந்த நேரத்தை யார் எடுத்துக்கொண்டார் என்பதற்குத் தொழிலைத் தெய்வமென்போர் இன்னும் விடையிறுக்கவில்லை.