அந்தப் பெண் பேசியதில் என்ன தப்பு?

பழைய வண்ணாரப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வாழ் பெருமக்களே,

போன வியாழக்கிழமை காலை ஒரு தனியார் பண்பலை நிகழ்ச்சியில் நடந்ததை உங்களில் பலர் நேரடியாகவே கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்கு அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். நிலையத்தின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் நாங்கள் இங்கே எழுதவில்லை. ஆனால் சுற்றிவரும் ஒலித்துண்டில் பாதிதான் இருக்கிறது. அதனால் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறோம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு தையல் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மிஷினுக்கு எண்ணெய் விடுவார்கள், ரேடியோவைப் போடுவார்கள். அன்று ஆர்.ஜே. இருவரும் ஒரு நடிகரின் குடும்பத்தை எடுத்துக்கொண்டு அரைமணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் பிரியப்போகிறார்களாம். அந்த அம்மா அடுத்து யாரைக் கட்டிக்கொள்வார் என்று சரியாகச் சொன்னால் இரண்டு சினிமா டிக்கெட்டாம். ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண் போன் செய்தாள். லைன் கிடைத்தது. அவள் சொன்னது இதுதான்: "அண்ணா, அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்ணா. அவங்க வூட்டு விஷயத்த இன்னாத்துக்கு நாம பேசிக்கினு?"

அந்த அரைமணி நேரத்தில் ஒலிபரப்பான ஒரே மரியாதையான வார்த்தை அதுதான். ஆர்.ஜே. கேட்டார்: "எங்கேர்ந்தும்மா பேசுற?" அவள் ஊரைச் சொன்னாள். "ஓ, வண்ணாரப்பேட்டையா! அருவாளைக் கீழ வச்சிட்டுத்தானே போன் பண்ண?" உடனே சிரிப்புச் சத்தம். பிறகு அவளுடைய "இன்னாத்துக்கு" என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டி, கோழி கூவும் சத்தத்தோடு சேர்த்து, நிகழ்ச்சி முடிவதற்குள் மூன்று முறை போட்டார்கள். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது தெருமுனைப் பையன்கள் அவளை அந்தச் சொல்லாலேயே கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து அவள் கடைக்கு வரவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது அவளுடைய அம்மா கேட்டது ஒரே கேள்வி: "எம் பொண்ணு தப்பா இன்னா சொல்லிட்டா?"

அந்தக் கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த வேண்டுகோள்.

சினிமாக்காரர்களைக் கிண்டலே செய்யக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. படம் மோசமென்றால் கிழித்துத் தொங்கவிடட்டும், நாங்களும் சேர்ந்து சிரிப்போம். ஒருவருடைய விவாகரத்தும் வயிற்றுப் பிள்ளையும் உடம்பும் விமர்சனத்தில் வராது. அப்படியே பேசினாலும் நடிகருக்கு வக்கீல் இருக்கிறார், மறுப்பு எழுத மேனேஜர் இருக்கிறார். தையல் கடைப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? பெரிய இடத்தைத் தொட்டால் வழக்கு வரும் என்று தெரிந்தவர்கள், வழக்குப் போட வழியில்லாதவளிடம் திரும்பினார்கள். இதை நாங்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

வண்ணாரப்பேட்டை என்றதும் அருவாள் ஏன் நினைவுக்கு வருகிறது? சினிமா அப்படிப் பழக்கியிருக்கிறது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கப்பலில் ஏற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டை இது. இன்றைக்கும் ஊருக்கெல்லாம் துணி விற்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று நம் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பக்கத்துப் பெரம்பூரின் ஆலைத் தொழிலாளர்களை வைத்துப் பிறந்தது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

எங்கள் பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். நாஸ்தாவும் பேஜாரும் உருதுவிலிருந்து வந்தவை. டப்பு தெலுங்கு. துட்டு, டச்சுக்காரர்களின் நாணயப் பெயர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ஆலையில் நூல் நூற்றவர்கள், வலை இழுத்தவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்தவனோடு பேச உண்டாக்கிக்கொண்ட மொழி இது. இதைப் பேசிக்கொண்டே நம் பிள்ளைகள் தியாகராயா கல்லூரியில் பட்டம் வாங்குகிறார்கள். கானா பாட்டுக்கும் குத்துச்சண்டைப் படத்துக்கும் இதே பேச்சு வேண்டியிருக்கிறது. நடிகர் பேசினால் "என்ன இயல்பான நடிப்பு" என்கிறார்கள். எங்கள் பெண் பேசினால் கோழி கூவுகிறது.

ஒரு சின்ன வார்த்தைக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் எங்களிடமே கேட்டார்கள். அவர்களுக்கு, முன்பு நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். 2007 செப்டம்பர் 23 அன்று கொல்கத்தா காவலர் பிரசாந்த் தமாங் 'இந்தியன் ஐடல்' பட்டம் வென்றார். அந்த வெற்றியைப் பற்றிப் பேச வந்த டெல்லிப் பண்பலை ஆர்.ஜே. ஒருவர், அவருடைய நேபாளி மொழிச் சமூகத்தைக் காவற்காரர் வேலையோடு சேர்த்து நக்கலடித்தார். ஐந்தே நாளில், செப்டம்பர் 28 அன்று, சிலிகுரியில் கலவரம் வெடித்தது. ஊரடங்கு போட்டு ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று. 2012 டிசம்பர் 4 அன்று சிட்னி வானொலியைச் சேர்ந்த இருவர், இங்கிலாந்து ராணியும் இளவரசரும் போலக் குரல் மாற்றி, கர்ப்பிணியான இளவரசி கேத்தரின் சேர்க்கப்பட்டிருந்த லண்டன் மருத்துவமனைக்குப் போன் செய்தார்கள். உண்மை என்று நம்பி அழைப்பை வார்டுக்கு மாற்றிக்கொடுத்தவர் மங்களூர்ப் பகுதியிலிருந்து போன செவிலியர், இரண்டு பிள்ளைகளின் தாய். உலகமே கேட்டுச் சிரித்தது. மூன்றாம் நாள் அவர் உயிரோடு இல்லை. அந்த நிலையத்தின் மேல் நடவடிக்கை எடுக்க ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு அதிகாரம் உண்டு என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2015 ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பு அந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டு இடத்திலும் பேச்சு ஆரம்பித்தது பிரபலத்தைப் பற்றி. அடி விழுந்தது சாதாரண மனிதர்கள் மேல்.

இனி உரிமை விஷயம். வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்றே சொல்லிவிட்டது. அனைத்திந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிமுறைகளைப் பின்பற்றுவோம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் தனியார் நிலையங்கள் உரிமம் வாங்குகின்றன. சமூகங்களைத் தாக்கிப் பேசுவதும் அவதூறும் கூடாது என்பது அந்த நெறிமுறையிலேயே இருக்கிறது. 2011-இன் மூன்றாம் கட்டக் கொள்கை, தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது என்கிறது. அதே கொள்கை மின்சாரம், குடிநீர், போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, நிர்வாகம் தரும் பேரிடர், சுகாதார எச்சரிக்கை ஆகியவற்றைச் செய்தியாகக் கருதாமல் தாராளமாக அனுமதிக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நம்மவர்கள். அப்படிப்பட்ட காலையில் எங்கே தங்கலாம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நமக்குச் சொல்ல எந்த உரிமமும் தடையாக நிற்காது. மணிக்கு 10 நிமிடம் செய்தி வாசிக்கவும் இந்நிலையங்களை அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்திருக்கிறது. கிடைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. நேயரின் குரலை அவளுக்கு எதிராகவே திருப்பியவர்கள் நாளை நம் ஊர்ச் செய்தியை எப்படி வாசிப்பார்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று தொடங்கியது நம்முடைய இந்தச் சென்னையில்தான். அந்தப் பெருமைக்குரிய ஊரில் இது நடந்திருக்கிறது.

நிலையத்தை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் துண்டை முதலில் அனுப்பியவர்கள் நம் தெருக்காரர்கள். அதே கடை வரிசையில் ஒன்பது மணிக்கு அது மறுபடி ஒலித்தபோது சத்தத்தைக் கூட்டி வைத்தவர்களும் நாம்தான். அவளைக் கூப்பிட்டுக் கேலி செய்த பையன்களும் வீட்டில் "இன்னாத்துக்கு" என்றுதான் பேசுகிறார்கள். நம் பேச்சைக் கேட்டு நாமே வெட்கப்படும்படி செய்துவிட்டார்கள், நாமும் அதற்கு இடம் கொடுத்துவிட்டோம்.

எனவே உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். அந்தத் துண்டை உங்கள் போனிலிருந்து இன்றே அழியுங்கள், அது வருகிற குழுவில் எல்லாம் கண்டியுங்கள். நிலையத்துக்கும், டெல்லியில் உள்ள தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் தேதி, நேரம் குறித்து ஆளுக்கு ஒரு புகார் அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தப் பெண் சொன்ன முழு வாக்கியத்தையும் சொல்லிக் காட்டுங்கள். துணிக்கடை, நகைக்கடை உரிமையாளர்களே, தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் உங்கள் கடைக்கு விளம்பரம் கொடுக்கிறீர்கள். உங்கள் துணியைத் தைத்துக் கொடுக்கிறவளைக் கேலி செய்த நிகழ்ச்சிக்கு உங்கள் பணம் போக வேண்டுமா?

நிலையத்தாருக்கும் ஒரு வார்த்தை. அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், வெட்டாமல் கொள்ளாமல் மன்னிப்புக் கேளுங்கள். நேயர் ஒருவர் ஒருமுறை பேசிய குரலை அவருடைய சம்மதம் இல்லாமல் மறுபடி பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லுங்கள். வருகிற வியாழக்கிழமைக்குள் அது நடக்கவில்லையென்றால், அன்று காலை 7 முதல் 10 மணி வரை எம்.சி. ரோட்டில் எந்தக் கடையிலும், வண்ணாரப்பேட்டையிலிருந்து கிளம்பும் எந்த ஷேர் ஆட்டோவிலும் அந்த அலைவரிசை ஒலிக்காதபடி பார்த்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் இல்லையென்றால், விளம்பரம் தருகிற ஒவ்வொரு கடை வாசலிலும் போய் நிற்போம். கல் எறிய மாட்டோம், கத்த மாட்டோம். அந்தத் தாய் கேட்ட கேள்வியை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அந்தத் தையல் கடையில் மூன்றாவது மிஷின் இன்னும் உறை போட்டபடியே இருக்கிறது. அவள் திரும்பி வருவதும் வராததும் இனி அந்தத் தெருவில் நாம் அவளை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது.

இப்படிக்கு,
வண்ணாரப்பேட்டை வட்டாரத் தையற்காரர்கள், கடை ஊழியர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், ஆசிரியர்கள்: காலை நேர வானொலி நேயர்கள் அனைவரும்