காலி நாற்காலி

கோடை பிறந்தால் சாமி மட்டுமல்ல, சர்க்காரும் மலையேறிவிடும் என்பது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். கவர்னரும் பரிவாரங்களும் உதகமண்டலத்தில் குளிர்காய்ந்துகொண்டே சென்னை ராஜதானியை ஆண்டார்கள். சுயராஜ்யம் வந்த பிறகும் மலையேற்றம் நின்றபாடில்லை. 2025 ஏப்ரல் 25, 26 தேதிகளில் கவர்னர் ஸ்ரீ ஆர். என். ரவி உதகை ராஜபவனத்தில் துணைவேந்தர்கள் மகாநாட்டைக் கூட்டினார். உபராஷ்டிரபதி ஸ்ரீ ஜகதீப் தன்கர் அதைத் தொடங்கி வைத்தார். ஆனால் ராஜ்ய சர்க்காரின் சர்வகலாசாலைத் துணைவேந்தர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை! அதே மாதம் 16-ந் தேதி முதன்மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் சென்னையில் கூட்டிய கூட்டத்தில்தான் அவர்களுக்கு வேலை இருந்தது போலும்.

விவகாரம் இதுதான்: துணைவேந்தரை நியமிப்பவர் யார்? தேர்வுக் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி ஒருவர் இருந்தே தீரவேண்டும், 2018-ஆம் வருஷத்து விதி அப்படித்தான் சொல்கிறது என்பது கவர்னர் கட்சி. வேந்தர் பதவி அரசியல் சட்டம் தந்ததல்ல, சட்டசபை தந்தது. தந்த கை திரும்ப வாங்கலாம் என்பது மந்திரிகள் கட்சி. இரண்டிலும் நியாயம் இல்லாமலில்லை. கட்சிக்காரர்கள் கையில் சர்வகலாசாலை சிக்கலாகாது. சட்டசபையின் அதிகாரம் வெறும் அலங்காரமாகவும் ஆகலாகாது.

கோர்ட்டுகளும் ஓயவில்லை. 2025 ஏப்ரல் 8-ல் சுப்ரீம் கோர்ட் பத்து மசோதாக்கள் சம்மதம் பெற்றுவிட்டதாகவே கொள்ளப்படும் என்றது. மே 21-ல் சென்னை ஹைகோர்ட் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது. நவம்பர் 20-ல், ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள், சம்மதம் கிடைத்ததாகக் கோர்ட்டே பாவித்துக்கொள்வது சரியல்ல என்றார்கள். கவர்னரும் மசோதாவைக் காலவரையின்றிக் கிடப்பில் போடலாகாது என்றார்கள். ஆளுக்கு ஒரு குட்டு!

இதற்கிடையில் மாணவன் கதி என்ன? மகாநாடு நடந்த அதே உதகையில், ஸல்லிவன் துரை கட்டிய ஸ்டோன் ஹவுஸ் இருக்கும் குன்றில், 1955 முதல் அரசினர் கலைக் கல்லூரி நடந்து வருகிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள் மலைப்பாதையில் பஸ் பிடித்துப் போய்ப் படிக்கக்கூடிய கல்லூரி அது. அதற்குப் பட்டம் வழங்குவது கோயம்புத்தூர் பாரதியார் சர்வகலாசாலை. அங்கே துணைவேந்தர் நாற்காலி 2022 அக்டோபரிலேயே காலியாகிவிட்டது. ஆக, துணைவேந்தர்களுக்காக மகாநாடு கூடிய ஊரின் கல்லூரிக்கே அப்போது துணைவேந்தர் இல்லை!

பொறுப்புக் குழுக்கள் அன்றாடக் காகிதங்களில் கையெழுத்திடும். புதிய பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், ஆராய்ச்சி என்று நாளைய தினத்தை நினைக்க ஒரு தலைவர் வேண்டாமா? துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று வருஷம் என்பது முதல் நாளே தெரிந்த கணக்கு. அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவரைத் தேடத் தொடங்கவேண்டுமென்று சட்டத்தில் எழுதினால் யார் கௌரவம் குறையும்?

அதிகாரம் யாருடையது என்பதைக் கோர்ட்டுகள் ஆற அமரத் தீர்க்கட்டும். அதுவரை இரு தரப்பாரும் ஒப்பக்கூடிய ஒரு கல்விமான் இந்தத் தமிழ்நாட்டில் கிடைக்கமாட்டாரா? மூன்று வருஷத்தில் ஒரு மாணவனின் கல்லூரி வாழ்க்கையே முடிந்துவிடுகிறது. அவனை மறுபடி முதல் வகுப்பில் உட்காரவைக்க எந்தத் தீர்ப்பாலும் இயலாது.