காற்று எங்கிருந்து வருகிறது?

சின்னக் கார் வைத்திருக்கும் இளைஞர்கள் பலர் இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வந்து கோன் ஃபில்டர் மாட்டித் தரச் சொல்கிறார்கள். கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் குழாயைப் பொருத்த அதிக நேரம் பிடிப்பதில்லை. வண்டி உறுமுகிறது, வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போகிறார். ஆனால் பல வண்டிகளில் இந்த வேலை பவரைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது.

1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் முழு த்ராட்டிலில் 6,000 ஆர்பிஎம் தொடும்போது நிமிடத்துக்கு 3,000 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். பெரும்பாலான சின்னக் கார்களில் கம்பெனி ஏர் பாக்ஸின் வாய் ரேடியேட்டருக்கு மேலே, கிரில் பக்கமாக இருக்கிறது. வெளிக்காற்றுதான் உள்ளே போகிறது. வாடிக்கையாளர் கேட்டு வருகிற கோல்ட் ஏர் இன்டேக் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டு பானெட்டுக்குள் ஃபில்டரைத் திறந்தபடி விட்டால், ரேடியேட்டர் விசிறி தள்ளும் அனலைத்தான் எஞ்சின் இழுக்கும். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்றால் அதே அளவு காற்றின் எடை சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். டிராஃபிக்கில் ஊர்ந்து வந்த வண்டியில் 65 டிகிரி அபூர்வமல்ல.

எனவே குழாயைவிடத் தடுப்புதான் முக்கியம். ஃபில்டரைச் சுற்றிப் பெட்டி அடியுங்கள். பானெட்டை மூடும்போது இடைவெளி விழாமல் விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். முன்பக்கத்திலிருந்து தனி டக்ட் கொண்டுவாருங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேனரை மாட்டி, ஒரே சாலையில் ஓட்டி, இன்டேக் ஏர் டெம்பரேச்சரைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஏர் பாக்ஸில் இருந்ததைவிட அது கூடியிருந்தால் பழையதையே திருப்பி மாட்டிவிடுங்கள்.

மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் மாறினால் ஈசியு காற்றைத் தப்பாகக் கணக்கிடும். ஃபியூல் ட்ரிம் ஒரு பக்கமாக இழுக்கும். எண்ணெய் பூசும் காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் சென்சாரின் சூட்டுக் கம்பியில் படியும். பிரீதர் ஹோஸைத் தொங்கவிடுவதும் அடைப்பதும் கூடாது. அது ஃபில்டருக்குப் பிறகுள்ள குழாயில் கிளாம்ப் போட்டு சேர வேண்டும். அந்த இடத்தில் கசிவு இருந்தால் வடிகட்டாத தூசி நேராக உள்ளே போய் ரிங்கையும் போரையும் தேய்க்கும்.

மைலேஜ் கூடும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஊருக்குள் ஓட்டும்போது காற்றைத் தடுத்து நிற்பது பாதி மூடிய த்ராட்டில்தான், ஃபில்டர் அல்ல.

மழையையும் மறக்க வேண்டாம். குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்குகிறவர்கள், 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னைச் சாலைகள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, ஒரு சிலிண்டரில் புகுந்தாலே கனெக்டிங் ராட் வளையும். ஃபில்டரின் வாய் கம்பெனி வைத்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது.

வாரண்டி பாதிக்கப்படலாம் என்பதையும், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்க 2019 சட்டத் திருத்தம் இடம் தருகிறது என்பதையும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தினசரி ஓட்டத்துக்கு மட்டும் பயன்படும் வண்டி என்றால், புதிய பேப்பர் ஃபில்டர் போட்டு, ஏர் பாக்ஸ் கிளிப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்புங்கள். பவர் கூடாது என்று தெரிந்த வேலைக்குக் கூலி வாங்காதீர்கள்.